புதன் காலையில் பிறந்த அத்தை

போன மாதம் நம்மில் ஒருத்தியின் பேத்தி கல்யாணத்தில், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னீர்கள்: "உங்க அத்தை மாதிரி கல்நெஞ்சுக்காரிய நான் பாத்ததே இல்ல. கூடப்பொறந்த அண்ணன் ஆகாயத்துல தவிக்கிறான், அவ ஆடி அசஞ்சு நடந்து போனா." மற்றவர்களும் தலையாட்டினீர்கள். மங்கலக் காரியம் நடக்கிற இடம் என்று வாயைக் கட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ரங்கூனில் ஷ்வேப்யிதாவைத் தாண்டி, இப்போது துணி தைக்கும் கம்பெனிகள் வரிசையாக நிற்கிற இடத்தில், அன்றைக்கு வெறும் வயல்தான். வயலுக்கு நடுவே ஜப்பான் சண்டைக் காலத்தில் போட்ட ஓடுபாதை ஒன்று வெடித்துக் கிடந்தது. வெடிப்புகளில் புல் முளைத்திருக்கும். தை மாதம் அறுவடை முடிந்து மண் காய்ந்ததும், பழைய விமானம் வைத்திருந்த குடும்பங்கள் எல்லாம் அங்கே கூடுவோம். வசதி படைத்தவர்கள் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். நம் யோக்கியதை நமக்குத் தெரியாதா? சண்டை முடிந்து போனவர்கள் விட்டுவிட்டுப் போன விமானங்களைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, சைக்கிள் கடை ஆணியும் சாக்குத் தைக்கிற நூலும் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். இறக்கைத் துணியில் அடித்த பூச்சு வாடையும், மொஹிங்கா மீன்குழம்பு வேகிற வாடையும், பெட்ரோல் வாடையும் ஒன்றாகக் கலந்து வரும். இன்றைக்கும் பெட்ரோல் வாடை வந்தால் எனக்குப் பசிக்கிறது.

விமானத்தின் முன்பக்கம் பர்மாக்காரர்கள் வழக்கப்படி சிவப்பும் வெள்ளையுமாகத் துணி கட்டி, தேங்காயும் வாழைப்பழமும் படைப்போம். பிறகு நம் வழக்கப்படி சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். வாலுக்குக் கீழே இருக்கும் சின்னக் கட்டைக்கும் ஒன்று வைக்க வேண்டும் என்று என் அம்மா சண்டை போடுவாள். அந்தப் பழம் நசுங்கவே நசுங்காது, உருண்டு ஓடும். அதை எடுக்கப் பிள்ளைகள் நாம் அடித்துக்கொள்வோம்.

எங்கள் விமானத்தில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு இருக்கை, மேலே திறந்தே இருக்கும். ஓட்டும் தடி இரண்டு இருக்கையிலும் உண்டு. ஓட்டுகிறவர் பின்னால் உட்காருவதுதான் வழக்கம். என் அப்பா பின்னால் உட்காருவார், அப்பாவின் தங்கை, என் அத்தை, முன்னால் உட்காருவாள். அப்பா ரயில் பட்டறையில் பிட்டர். ஆனால் ஊர் முழுக்க அவருக்கு 'விமான மேஸ்திரி' என்றுதான் பெயர். தீமிதித் திருவிழாவில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை அவருக்குத்தான் செய்வார்கள். வெள்ளைக்காரனிடம் வேலை பார்த்த தமிழர்களில் வெள்ளைக்காரன் வண்டியையே ஓட்டியவர் என்று மேடையில் பேசுவார்கள். அதைக் கேட்டு அவர் மீசையைத் தடவிக்கொள்வார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வருடம் நான் ஓடுபாதையை ஒட்டிய வரப்பில், மற்றப் பிள்ளைகளைவிட நெருக்கமாகப் போய்க் குந்தியிருந்தேன். எங்கள் விமானம் இறங்கி என் முன்னால் போனது. அப்பாவின் இரண்டு கைகளும் வெளியே இருந்தன. இருக்கையின் விளிம்பை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இறுக்கிப் பிடித்திருந்தார். கண்களை மூடியிருந்தார். விமானம் பூப்போலத் தரையில் உட்கார்ந்தது. அம்மாவிடம் ஓடிப்போய், அப்பா கையை வெளியே வைத்துக்கொண்டு இறக்கினார் என்று சொன்னேன். அம்மா என் உதட்டைப் பிடித்துத் திருகினாள். நகம் பட்டு ரத்தம் வந்தது.

பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது. எனக்கு நினைவு தெரியும் முன்பே அப்பா ஒரு தடவை இறங்கும்போது வயலில் குப்புற விழுந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஏறுவார், திருப்புவார், இறக்க மட்டும் வராது. தரை கிட்டே வந்தால் கை நடுங்கும். ஆகவே அத்தை இறக்கினாள். அவர் நன்றாக ஓட்டிய காலத்தில், கீழே நின்று வெள்ளைத் துண்டை ஏற்றி இறக்கிக் காட்டி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான். தலையை மூடிய தொப்பியும் கண்ணாடியும் போட்டு முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தால், அவளை யார் ஓட்டுகிறவள் என்று நினைப்பார்கள்? பயணம் வந்தவள் என்றுதான் நினைப்பார்கள்.

அத்தைக்கு இதில் வருத்தம் இருந்ததாக நான் பார்த்ததில்லை. மேலே போனால் போதும் அவளுக்கு. கீழே இறங்கிய பிறகு ஒரு மணி நேரம் யாரோடும் பேசமாட்டாள், கன்னத்தில் பூசிய தனாக்கா மரச்சாந்து காற்றில் வெடித்திருக்கும், சும்மா சிரித்துக்கொண்டிருப்பாள். வீட்டில் அவளுக்கு அந்தச் சிரிப்பு கிடையாது. வீட்டில் அவள் அம்மி அரைப்பாள், அப்பாவின் எண்ணெய்ச் சட்டைகளைத் துவைப்பாள். வயது ஏறிக்கொண்டே போனது. வந்த சம்பந்தமெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போனது. எல்லாம் அவள் தலையெழுத்து என்றார்கள்.

த்வாண்டே ஊர்க்காரர்கள் வீட்டை உங்களுக்கு மறந்திருக்காது. சூளை வைத்துப் பானை சட்டி செய்து விற்ற தமிழ்-பர்மாக் குடும்பம். அந்த வீட்டு அம்மா லுங்கியும் ரவிக்கையும் போட்டு, நெற்றியில் திருநீறும் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கே தலைவி மாதிரி பாய் நடுவில் உட்கார்ந்திருப்பாள். மகன் தங்கள் விமானத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஓட்டிக்கொண்டு வருவான். அவனும் அத்தையும் இயந்திரத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொள்வார்கள், மணிக்கணக்காகப் பேசிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் இஷ்டம் என்று பிள்ளைகளான நமக்கே தெரிந்திருந்தது. நாம் அவர்களைச் சுற்றி நின்று கனைப்போம்.

த்வாண்டே அம்மாவின் புருஷன் விமானத்தோடு கால்வாயில் விழுந்து செத்தவர். அவள் விமானத்தைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் ராகுவில் பிறந்தவர், அதைத்தான் கோபித்துக்கொண்டாள். பர்மாக்காரர்களுக்குக் கிழமை ஏழல்ல, எட்டு. புதன்கிழமையை நடுப்பகலில் இரண்டாக வெட்டி, பின்பாதியை ராகு என்று தனிக் கிழமையாக வைத்திருக்கிறார்கள். ஷ்வேடகோன் பகோடாவில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை. புதன் காலையில் பிறந்தவர் தந்தமுள்ள யானைக்குத் தண்ணீர் ஊற்றுவார், ராகுவில் பிறந்தவர் தந்தமில்லாத யானைக்கு ஊற்றுவார். இனி என் வீட்டு வாசலில் ராகு பிறப்பு கால் வைக்காது என்று த்வாண்டே அம்மா புருஷனை எரித்த அன்றே சொல்லிவிட்டாள். அந்த மைதானத்தில் இது தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது.

நான் சொல்லும் வருடம், முதல் நாள் சாயங்காலம் அவள் எங்கள் பாய்க்கு வந்தாள். ஊறுகாய்த் தேயிலைத் தட்டும் வெற்றிலையும் கொண்டுவந்தாள். பெண் கேட்க வந்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்தது. அத்தை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம்தான் அம்மா அப்பாவிடம் அடிக்குரலில், இவளைக் கட்டிக் கொடுத்துவிட்டால் உங்கள் பேரை யார் தூக்கிக்கொண்டு பறப்பார்கள் என்று கேட்டதை நான் கேட்டிருந்தேன். பேரைத் தூக்கிக்கொண்டு எப்படிப் பறப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

த்வாண்டே அம்மா சீர் பற்றிக் கேட்கவில்லை, சாதி பற்றிக் கேட்கவில்லை. பிறந்த கிழமையைத்தான் கேட்டாள்.

அம்மா முகமெல்லாம் பல்லாகச் சொன்னாள்: "புதன்கெழம. வெளக்கு வச்ச நேரம். பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதுன்னு சொல்லுவாங்கல்ல?"

அன்று சாயங்காலம் அது எனக்கு அம்மாவின் அறியாமையாகத்தான் பட்டது. நம் தமிழ்க் கணக்கில் புதன் என்றால் புதன்தான், காலையானால் என்ன, சாயங்காலமானால் என்ன? பாவம், பெருமையாகச் சொல்லப்போய் மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். ஆனால் என் அம்மா ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவள். ராகு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கத்தியை எங்கே இறக்க வேண்டும் என்று தெரிந்துதான் இறக்கினாள்.

அத்தை ராகுவும் இல்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவள் தண்ணீர் ஊற்றுவது தந்தமுள்ள யானைக்கு. அந்தத் தந்தத்தைத் தொட்டுப் பார்க்கத்தான் நானும் போவேன். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். "அத்தே தந்தம் வச்ச ஆனைக்குத்தானே தண்ணி ஊத்துறாங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அம்மா என் தலையைத் தடவிவிட்டாள். பெருமூச்சு விட்டாள். "ஆமாங்க, அங்கதான் ஊத்துவா. ராகு மூலையில நின்னா நாலு பேர் பாப்பாங்கன்னு வெக்கப்படுறா. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வந்த உண்மையைக்கூட அம்மா வீணாக்கவில்லை. ராகு பிறப்பு என்பது போய், மறைக்கிற ராகு பிறப்பு என்று ஆயிற்று. அத்தை வெங்காயத்தை மடியில் போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தேநீரை ஆற்றினார். ஆறிப்போன தேநீரை மறுபடியும் ஆற்றினார்.

த்வாண்டே அம்மா தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். போகும்போது, ராகு பிறப்பு ஏறிய விமானம் இந்த மைதானத்தில் பறந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆபத்து, நாளைக்கு அவள் எதிலும் ஏறக் கூடாது, ஓடுபாதையில் கால் வைக்கவும் கூடாது என்றாள். மற்றக் குடும்பங்களும் ஆமாம் என்றன. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டால் இறக்க ஆள் இல்லை. கெடுவான் கேடு நினைப்பான் என்பது இதுதான். அவர் "சரி" என்றார்.

மறுநாள் காலை அத்தையை மைதானத்தின் ஓரத்து மழைமரத்தடியில் உட்கார வைத்தார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது நினைவிருக்கிறதா? மண்ணாங்கட்டி பொறுக்கிக்கொண்டு வந்து, தந்தமில்லாத யானை, தந்தமில்லாத யானை என்று கத்தி அவள் மேல் எறிந்தீர்கள். ஒன்று அவள் புருவத்தில் பட்டு உடைந்தது. பெரியவர்கள் யாரும் தடுக்கவில்லை. அவள் கண்ணில் விழுந்த மண்ணை முந்தானையால் எடுத்துக்கொண்டாள். கல்நெஞ்சைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசலாம்.

அப்பாவின் முறை வந்தது. கோயில்காரர்கள் வேறு பார்க்க வந்திருந்தார்கள். த்வாண்டே மகன், நான் முன்னால் உட்கார்ந்து வரட்டுமா மேஸ்திரி என்று மரியாதையாகக் கேட்டான். அவனுக்கு விஷயம் தெரியும் என்று இப்போது நினைக்கிறேன். அப்பா, எனக்குத் துணை எதற்கு, தனியாகவே போகிறேன் என்றார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. விமானம் அழகாக எழும்பியது. கைதட்டினார்கள்.

சுற்றி வந்தார். இறங்குவது போலத் தாழ்ந்தார். தரை கிட்டே வந்ததும் இயந்திரம் அலறியது, மறுபடியும் மேலே போய்விட்டார். வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து மறுபடியும் தட்டினார்கள். இன்னொரு தடவையும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த தடவை சக்கரம் ஒன்று தரையில் பட்டு விமானம் சாய்ந்து தப்பியது. அதோடு கைதட்டல் நின்றது. பெட்ரோல் அதிகம் இருக்காதே என்று த்வாண்டே மகன் சொன்னான்.

அம்மா கொண்டை அவிழ மழைமரத்தடிக்கு ஓடி வந்தாள். வந்து இறக்கிவிடு என்றாள். அத்தை உட்கார்ந்தபடியே சொன்னாள்: "நான் ராகு அண்ணி. ஓடுபாதையில கால் வைக்கக் கூடாதுன்னு அண்ணன்தானே சரின்னாரு."

அம்மா காலில் விழுந்தாள். என் அம்மா யார் காலிலும் விழுந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்தேன், அங்கே இரக்கம் இல்லை. அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அவள் கேட்டது என்ன? தாலியையா கேட்டாள், வீட்டையா கேட்டாள்?

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. நான் பொறந்த நேரத்தைச் சொல்லுங்க."

தலைக்கு மேலே இயந்திரம் விட்டு விட்டு இருமியது. அம்மா எழுந்து, பாய்களில் உட்கார்ந்திருந்த எல்லாக் குடும்பங்களையும் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்: "புதன் காலையில பொறந்தா! காலையிலதான்! நான் சொன்னது பொய்!"

அத்தை யாருடைய தோளிலோ கிடந்த வெள்ளைத் துண்டை வாங்கிக்கொண்டு நடந்தாள். நீங்கள் சொல்கிற அந்த நடை அதுதான். ஓடவில்லை, உண்மை. ஓடிப்போய் மூச்சு வாங்கினால் கை ஆடும், கை ஆடினால் துண்டு ஆடும், துண்டு ஆடினால் மேலே இருக்கிறவருக்குத் தரை எங்கே என்று எப்படித் தெரியும்? ஓடுபாதையின் ஓரத்தில் காலை அகட்டி நின்று துண்டை உயர்த்தினாள். அப்பா பார்த்தார். துண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ, விமானமும் தாழ்ந்தது. அவள் சட்டென்று துண்டைக் கீழே போட்டாள், அவர் இயந்திரத்தை நிறுத்தினார். விமானம் எகிறி எகிறி விழுந்து, வால் உடைந்து, நின்றது.

அப்பா இறங்கி வந்தார். கால்சட்டை நனைந்திருந்தது. நேராக அத்தையிடம் போனார். கட்டிப்பிடித்து அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கூட்டத்துக்குக் கேட்கும்படி, "எதுக்குடி குறுக்க வந்து நின்னே? சக்கரத்துல மாட்டிச் செத்திருப்பே" என்றார்.

அம்மா கத்தியது எல்லோருக்கும் கேட்டது. இருந்தாலும், எல்லோரும் அப்பா சொன்னதையே பிடித்துக்கொண்டார்கள். அவர் நல்ல ஓட்டி, கிறுக்குத் தங்கை குறுக்கே வந்து காரியத்தைக் கெடுத்தாள். முதல் மரியாதை செய்த கோயில்காரர்களுக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

த்வாண்டே அம்மா வந்தாள். காலையில் பிறந்தவள் என்று தெரிந்துவிட்டதே, இனி என்ன தடை என்று பிள்ளை மனதில் எனக்கு ஒரே சந்தோஷம். அவள் அத்தையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மகனிடம் திரும்பி, "பொய் சொன்ன வீடு ஒரு பக்கம். அண்ணன ஆகாயத்துல தொங்கவிட்டுப் பேரம் பேசுன பொண்ணு இன்னொரு பக்கம். இதுல எது நம்ம வீட்டுக்கு வேணும்னு நீயே சொல்லு" என்றாள். அவன் தன் விமானத்தில் ஏறி ஆற்றைத் தாண்டிப் போய்விட்டான். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள், இங்கே மாமியாராக ஆகும் முன்பே உடைத்துவிட்டாள்.

அத்தை அதற்குப் பிறகு எதிலும் ஏறவில்லை. வால் உடைந்த விமானத்தை அப்பா விற்றார். பின்னால் வந்த காலத்தில் தனியாள் யாரும் விமானம் வைத்துக்கொள்ள வழியில்லாமல் போய், மைதானமும் போயிற்று. காலில் விழுந்ததை அம்மா சாகிற வரைக்கும் மன்னிக்கவில்லை. குழம்பில் மீன் துண்டை எண்ணி ஊற்றுவாள், அத்தையின் தட்டுக்கு வரும்போது வெறும் குழம்புதான் இருக்கும். எனக்கு அம்மாவின் மேல் இன்றும் கோபம் தீரவில்லை. அம்மா போன பிறகு, நாங்கள் ரங்கூனை விட்டுத் தன்லியினுக்குக் குடிவந்தோம். அப்பா படுக்கையில் விழுந்தார். வலது பக்கம் வராது. அவரைப் புரட்டிப் போட்டுத் துடைத்து, ஊட்டியதெல்லாம் அத்தைதான். அப்போது அவளுக்கும் நரைத்துவிட்டது. ஏன் செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். வேறு எங்கே போகிறது என்றாள்.

கோயில் மலருக்கு அப்பாவின் கதையை எழுத வேண்டும் என்று ஒரு பையன் வந்தான். தமிழ் பாதி, பர்மீயம் பாதியாகப் பேசினான். அப்பாவுக்கு வாய் கோணியிருந்தாலும் பேச்சு நிற்கவில்லை. தனியாக மேலே போய், இறங்க மனமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்த நாளைப் பற்றி விரிவாகச் சொன்னார். கீழே எல்லோரும் பயந்துவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார். அத்தை அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பையன் நல்ல பிள்ளை, மரியாதைக்கு அவளிடமும் கேட்டான்: "பாட்டி, நீங்களும் ஏறியிருக்கீங்களா?"

அவள் வாயைத் திறக்கும் முன்பே அப்பா முந்திக்கொண்டார். "இவளா? இவளுக்கு மேல ஏறுனாலே பயம்."

அத்தை அவர் மோவாயில் வழிந்த கஞ்சியைத் துடைத்துவிட்டு, ஆமாம் என்றாள்.